மின்சந்தையைத் திறந்துவிட்ட பிரிட்டன் நிலக்கரியைக் கைவிட்டது எப்படி?

கேள்வி இதுதான்: மின்துறையைப் போட்டிக்குத் திறந்துவிட்டால் எது மலிவோ அதைத்தான் சந்தை வாங்கும். பல நாடுகளில் மலிவானது நிலக்கரி. அப்படியிருக்க, சந்தையையும் வைத்துக்கொண்டு சுற்றுச்சூழல் இலக்கையும் எட்ட முடியுமா? எட்டிக் காட்டிய நாடு உண்டா?

முடியும். ஆனால் தானாக நடக்காது. சந்தை, தன் கண்ணுக்குக் காட்டப்பட்ட செலவை மட்டும்தான் குறைக்கும். புகைக்கு விலை இல்லையென்றால் புகை அதன் கணக்கில் வராது. மின்சாரம் எந்த நேரத்தில், எந்த ஊரில் கிடைக்கிறது என்பதற்கு விலை இல்லையென்றால் அதுவும் வராது. இதை அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்க ஏற்ற நாடு பிரிட்டன். 1990-இல் அரசு மின்வாரியத்தைப் பிரித்து விற்றது. 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப்-ஆன்-சோர் அனல்மின் நிலையத்தை மூடி நிலக்கரி மின்சாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. லண்டன் ஹோல்பர்ன் வயடக்டில் 1882-இல் நிலக்கரியில் மின்சாரம் எடுக்கத் தொடங்கி 142 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் இந்த 34 ஆண்டுப் பாதை நேர்கோடு அல்ல. சந்தை விதிகளை நாலைந்து முறை கலைத்துப் போட்டு எழுதினார்கள். எந்த விதி ஏன் உடைந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

(கீழே விலையெல்லாம் ஒரு மெகாவாட் மணிக்கு இத்தனை பவுண்டு என்று வரும். ஒரு மெகாவாட் மணி என்பது நம் மின்கட்டணக் கணக்கில் 1,000 யூனிட்.)

தொண்ணூறுகள்: திட்டமிடாமல் கிடைத்த சுத்தம்

1989 மின்சாரச் சட்டத்தின்படி, இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் மத்திய மின் உற்பத்தி வாரியம் நான்காகப் பிரிந்தது: நேஷனல் பவர், பவர்ஜென், நியூக்ளியர் எலக்ட்ரிக், மின்கடத்தலுக்கு நேஷனல் கிரிட். 12 வட்டார விநியோகக் கம்பெனிகள் 1990 டிசம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தன. உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு அரைமணிக்கும் விலை கேட்பார்கள். குறைந்த விலையிலிருந்து அடுக்கி, தேவையை நிறைவு செய்யும் கடைசி நிலையத்தின் விலை எல்லோருக்கும் கிடைக்கும். இதைப் 'பூல்' என்றார்கள்.

அடுத்த பத்தாண்டில் நடந்தது எரிவாயு ஓட்டம். எரிவாயுவை மின் உற்பத்திக்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்திய ஐரோப்பிய உத்தரவு 1991-இல் நீங்கியது. வடகடலில் வாயு இருந்தது. கூட்டுச் சுழற்சி (வீணாகும் வெப்பத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும்) எரிவாயு நிலையத்தை இரண்டு மூன்று ஆண்டில் கட்டலாம், முதலீடும் குறைவு, எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ பாதி மின்சாரமாகும். பழைய நிலக்கரி நிலையத்தில் 36 சதவீதம்தான். விநியோகக் கம்பெனிகளோ, வேறு கம்பெனிக்கு மாற வழியில்லாத வீட்டு வாடிக்கையாளர்களை நம்பி 15 ஆண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. 1990-இல் ஏறக்குறைய பூஜ்யமாக இருந்த எரிவாயுவின் பங்கு 2000-இல் 40 சதவீதத்தை நெருங்கியது. உமிழ்வு சரிந்தது.

இதை வைத்து "சந்தையே சுற்றுச்சூழலைக் காப்பாற்றும்" என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அது தவறு. அன்றைக்கு மலிவானதும் தற்செயலாகக் கொஞ்சம் சுத்தமானதும் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான். எரிவாயு விலை ஏறியிருந்தால் அதே சந்தை நிலக்கரிக்கே திரும்பியிருக்கும். 2000-களின் நடுவில் வாயு விலை ஏறியபோது நிலக்கரி உண்மையிலேயே தலைதூக்கியது. அந்த மாற்றத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது: 1992 அக்டோபரில் 31 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தார்கள், ஏறத்தாழ 30,000 வேலைகள். அந்த ஊர்களுக்கு என்ன மாற்று என்பதற்குச் சந்தை விதிகளில் ஒரு வரிகூட இல்லை.

ஏலம் விட்டார்கள், காற்றாலை வரவில்லை

தனியார்மயத்தின்போது அணுமின் நிலையங்களை வாங்க ஆளில்லை. அவற்றைத் தாங்கிப் பிடிக்க மின்கட்டணத்தில் சுமார் 10 சதவீத வரி போட்டார்கள். பெயர் புதைபடிவ எரிபொருள் வரி. அதன் பெரும்பகுதி அணுமின்சாரத்துக்குப் போனது. மிச்சத்தில் ஒரு சிறு பகுதியை வைத்துப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு 1990 முதல் 1998 வரை ஐந்து சுற்று ஏலம் நடந்தது. விலை மளமளவென்று இறங்கியது. ஐந்தாம் சுற்றில் பெரிய காற்றாலைகள் யூனிட்டுக்கு 3 பென்ஸுக்கும் குறைவாகக் கேட்டன. தாளில் பார்த்தால் பெரும் வெற்றி.

நிலத்தில் பார்த்தால், ஒப்பந்தம் பெற்ற திறனில் பாதிகூடக் கட்டப்படவில்லை. காரணங்கள் மூன்று. முதலாவது, ஜெயித்துவிட்டுக் கட்டாமல் போனால் அபராதம் கிடையாது. அதனால் "டர்பைன் விலை எப்படியும் இறங்கும்" என்று நம்பி அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். இறங்கவில்லையென்றால் ஒப்பந்தத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டாவது, ஏலத்துக்கும் உள்ளூர்க் கட்டட அனுமதிக்கும் தொடர்பே இல்லை. ஜெயித்த பிறகு அனுமதி மறுக்கப்பட்டது. மூன்றாவது, முதல் இரண்டு சுற்று ஒப்பந்தங்கள் 1998 முடிவிலேயே காலாவதியாகும் என்பதால் போட்ட பணத்தைச் சில ஆண்டுகளில் எடுத்தாக வேண்டியிருந்தது. எனவே எல்லோரும் காற்று அதிகம் வீசும், கண்ணுக்கும் அதிகம் தெரியும் மலைமுகடுகளைத் தேடிப் போனார்கள். ஊர்க்காரர்களின் எதிர்ப்பு அங்கே வேர்விட்டது. காற்றாலை மீதான பிரிட்டனின் மனக்கசப்பில் ஒரு பகுதி இந்த ஒப்பந்தக் காலவரையறையால் விளைந்தது என்பேன்.

ஏலம் வைக்கும் எந்த நாடும் இதைப் பாடமாகக் கொள்ளலாம். விலைப்புள்ளிக்கு முன்பே நில உரிமை, கட்டட அனுமதி, கிரிட் (மின்தொகுப்பு) இணைப்பு உறுதி ஆகியவற்றைக் கேட்க வேண்டும். ஜெயித்தவர் குறிப்பிட்ட மாதங்களுக்குள் திட்டச் செலவில் ஒரு பங்கைச் செலவழித்துக் காட்ட வேண்டும். தவறினால் அந்த இடத்தில் சில ஆண்டுகளுக்கு ஏலத்துக்கு வர முடியாதபடி தடை வேண்டும்.

சான்றிதழ் சந்தை: இரட்டை ஆபத்து

2002 ஏப்ரலில் முறையை மாற்றினார்கள். மின்சாரம் விற்கும் ஒவ்வொரு கம்பெனியும் தன் விற்பனையில் முதலாண்டு 3 சதவீதம், பிறகு ஆண்டுதோறும் கூடுதலாக, புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வந்தது என்று சான்றிதழ் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் மெகாவாட் மணிக்கு 30 பவுண்டு கட்ட வேண்டும். அந்தப் பணம் அரசுக்குப் போகாது. சான்றிதழ் காட்டிய கம்பெனிகளுக்குள் பங்கிடப்படும்.

புத்திசாலித்தனமாகத் தெரிகிற இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு கண்ணி இருக்கிறது. சான்றிதழ் பற்றாக்குறையாக இருக்கும் வரை அதன் விலை 30 பவுண்டுக்கு மேல். இலக்கு எட்டப்பட்டால் பங்கிடப் பணமே இராது, விலை அதலபாதாளம். அதாவது காற்றாலை முதலாளிக்கு நாட்டின் இலக்கு எட்டப்படாமல் இருப்பதே லாபம். 2009-இல் இலக்கை உற்பத்திக் கணிப்புக்கு மேலே ஒரு இடைவெளியோடு வைக்கும் விதி வந்த பிறகே இந்தப் பயம் அடங்கியது.

இன்னொரு சிக்கல், எல்லாத் தொழில்நுட்பத்துக்கும் ஒரே சான்றிதழ் என்பது. நடுநிலை என்று பெயர். நடந்தது என்னவென்றால் குப்பைமேட்டு வாயு, நிலக்கரியோடு மரத்தூள் கலந்து எரிப்பது, நிலக் காற்றாலை ஆகியவை வாரிக்கொண்டன. கடல் காற்றாலை தவழ்ந்தது. 2009 ஏப்ரலில் தொழில்நுட்பத்துக்கேற்பச் சான்றிதழின் எண்ணிக்கையை மாற்றி, கடல் காற்றாலைக்கு ஒன்றுக்குப் பதில் ஒன்றரை, பிறகு இரண்டு என்று கொடுத்த பின்னரே அது எழுந்து நின்றது. இன்று மலிவாக இருப்பதற்கும் நாளை மலிவாகக் கூடியதற்கும் சந்தைக்கு வித்தியாசம் தெரியாது. அதை அரசுதான் சொல்ல வேண்டும்.

இதே காலத்தில் மொத்த விற்பனைச் சந்தையும் மாறியது. 2001 மார்ச்சில் பூலை நீக்கி 'நீட்டா' என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். முன்கூட்டிச் சொன்ன அளவுக்கும் தந்த அளவுக்கும் வேறுபாடு வந்தால் தண்டனை விலை. குறைவுக்கு ஒரு விலை, மிகைக்கு வேறொரு விலை. அளவை உறுதி செய்ய வேண்டிய நேரம் மூன்றரை மணி முன்னதாக. மூன்றரை மணி கழித்துக் காற்று எப்படி வீசும் என்று ஒரு சிறு காற்றாலை எப்படிச் சரியாகச் சொல்லும்? பெரிய நிறுவனம் பத்து நிலையங்களின் பிழையை ஒன்றோடொன்று கழித்துக்கொள்ளும்; சிறியவருக்கு வழியில்லை. 2002 ஜூலையில் அந்த நேரத்தை ஒரு மணியாகக் குறைத்தார்கள். இரண்டு விலைகளை ஒரே விலையாக்க 2015 நவம்பர் வரை ஆனது. எரிபொருள் நிலையத்தை மனதில் வைத்து எழுதிய விதி, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே காற்றையும் சூரியனையும் தண்டிக்கும். சீர்திருத்தம் பேசுகிறவர்கள் மானியத்தைப் பற்றிப் பேசும் அளவில் பத்தில் ஒரு பங்காவது, சொன்ன அளவையும் தந்த அளவையும் சமன்செய்யும் இந்த விதிகளைப் பற்றிப் பேசினால் நல்லது.

புகைக்கு விலை: உண்மையில் வேலை செய்த கருவி

ஐரோப்பியக் கார்பன் சந்தை 2005-இல் தொடங்கியது. முதல் கட்டத்தில், ஒரு டன் கரியமில வாயு விட அனுமதிக்கும் சீட்டுகளை மின் நிலையங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். நிலையங்கள் அந்தச் சீட்டின் சந்தை விலையை மின்விலையில் ஏற்றி லாபம் பார்த்தன. சீட்டுகள் தேவைக்கு மேல் இருந்தன. அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. 2007-இல் விலை ஏறத்தாழ பூஜ்யம். 2013 முதல் மின் நிலையங்கள் சீட்டுகளை ஏலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தாலும், பொருளாதார மந்தத்தால் விலை டன்னுக்கு 5 யூரோவைச் சுற்றியே கிடந்தது.

பிரிட்டன் அதன்மேல் தன் சொந்த வரியைச் சேர்த்தது. 2013 ஏப்ரல் 1 முதல் மின் நிலையங்கள் எரிக்கும் எரிபொருள் மீது, டன் கரியமில வாயுவுக்கு முதலாண்டு 4.94 பவுண்டு; 2015 ஏப்ரலில் 18 பவுண்டு. அந்த 18 பவுண்டு என்ன செய்தது என்று ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம்.

நிலக்கரி நிலையம் மெகாவாட் மணிக்கு ஏறத்தாழ 0.9 டன் கரியமில வாயு விடும். எரிவாயு நிலையம் 0.37 டன். எரிபொருள் செலவு நிலக்கரிக்கு 20 பவுண்டு, வாயுவுக்கு 30 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பியச் சீட்டு மட்டும், டன்னுக்கு 5 பவுண்டு என்றால்: நிலக்கரி 24.50, வாயு 31.85. நிலக்கரிதான் முதலில் ஓடும். இப்போது 18 பவுண்டு வரியைச் சேருங்கள், டன்னுக்கு 23. நிலக்கரி 40.70, வாயு 38.51. வரிசை தலைகீழாகிவிட்டது. இந்த வரி எந்த நிலையத்தையும் மூடச் சொல்லி உத்தரவு போடவில்லை. நிலக்கரி நிலையம் ஏலத்தில் பின்னுக்குப் போய், ஆண்டில் ஓடும் மணிகள் குறைந்து, பராமரிப்புச் செலவுக்கே கட்டாமல் போய், உரிமையாளரே மூடினார். 2012-இல் சுமார் 40 சதவீதமாக இருந்த நிலக்கரியின் பங்கு 2015-இல் 22, 2016-இல் 9. 2017 ஏப்ரல் 21 அன்று, தொழிற்புரட்சிக்குப் பிறகு முதல் முறையாக, ஒரு முழு நாள் நிலக்கரி இல்லாமல் கழிந்தது.

வரி மட்டுமே செய்ததா என்றால் இல்லை. கந்தகத் தடுப்புக் கருவி பொருத்த மறுத்த பழைய நிலையங்கள் 2008 முதல் 20,000 மணி நேரம் ஓடிவிட்டு 2015-க்குள் மூட வேண்டும் என்று ஐரோப்பிய உத்தரவு இருந்தது. டிட்காட், கிங்ஸ்நார்த் நிலையங்கள் அப்படித்தான் மூடின. 2013 எரிசக்திச் சட்டம், புதிய நிலையம் யூனிட்டுக்கு 450 கிராமுக்கு மேல் விடக் கூடாது என்று எல்லை கட்டியது. தடையும் விலையும் சேர்ந்துதான் வேலை செய்தன. தடை புதியது வராமல் பார்த்துக்கொண்டது, விலை இருப்பதை ஓடவிடாமல் செய்தது.

வரியின் பக்கவிளைவுகளையும் சொல்ல வேண்டும். விலையை நிர்ணயிப்பது வாயு நிலையம் என்றால் 18 பவுண்டு வரி மின்விலையை மெகாவாட் மணிக்கு ஏறத்தாழ 6.70 பவுண்டு, அதாவது யூனிட்டுக்கு 0.67 பென்ஸ், ஏற்றும். அந்த ஏற்றம் பழைய அணுமின் நிலையத்துக்கும் போய்ச் சேரும். அது புதிதாக எதையும் செய்திருக்காது. கடலடிக் கேபிள் வழியே நெதர்லாந்திலிருந்து வரும் மின்சாரத்துக்கு இந்த வரி கிடையாது என்பதால் கொஞ்சம் புகை எல்லை தாண்டிப் போகும். இந்தச் சிக்கல்களைப் பார்த்து 2014-இல் அரசு வரியை 18 பவுண்டிலேயே நிறுத்திவைத்தது. என் பார்வையில் அது சரியான முடிவல்ல. ஆனாலும் மாறாத 18 பவுண்டு, ஏறி இறங்கும் ஐரோப்பியச் சீட்டைவிட முதலீட்டாளருக்கு அதிகம் பயன்பட்டது.

முதலீட்டுக்கு வட்டிதான் விலை

புகைக்கு விலை வைத்தால் நிலக்கரி போகும். ஆனால் காற்றாலை வராது. காரணம் வட்டி. காற்றாலைக்கு எரிபொருள் செலவு இல்லை. மொத்தச் செலவும் முதல் நாளே போடும் பணம். ஒரு மெகாவாட் கடல் காற்றாலைக்கு 30 லட்சம் பவுண்டு, ஆண்டு உற்பத்தி திறனில் 45 சதவீதம், அதாவது 3,942 மெகாவாட் மணி, ஆயுள் 25 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தின் விலை 6 சதவீதம் என்றால் முதலீட்டை மீட்க மெகாவாட் மணிக்கு ஏறத்தாழ 60 பவுண்டு வேண்டும். 9 சதவீதம் என்றால் 77 பவுண்டு. காற்றும் டர்பைனும் மாறவில்லை; நாளைய விலை என்னவாகுமோ என்ற பயத்துக்கு மட்டும் 17 பவுண்டுக்கு மேல். அரைமணிச் சந்தையின் விலையை நம்பி எந்த வங்கியும் 25 ஆண்டுக் கடனை 6 சதவீதத்துக்குக் கொடுக்காது.

இதற்கு 2013 சட்டம் கொண்டுவந்த விடை வேறுபாட்டு ஒப்பந்தம். ஏலத்தில் ஒரு நிலைவிலை முடிவாகும். முதல் ஆறு சுற்றுகளில் அது 15 ஆண்டுக்கு; பணவீக்கத்தோடு ஏறும். காற்றாலை தன் மின்சாரத்தை வழக்கம்போலச் சந்தையில் விற்கும். முந்தைய நாள் சந்தை விலை நிலைவிலையைவிடக் குறைந்தால் வித்தியாசத்தை அரசுக்குச் சொந்தமான ஒரு ஒப்பந்த நிறுவனம் தரும். கூடினால் காற்றாலை திருப்பித் தரும். நிலைவிலை 80, சந்தை 50 என்றால் 30 பவுண்டு வரவு. சந்தை 200 என்றால் 120 பவுண்டு திருப்பிக் கட்ட வேண்டும். எந்த மணியில், யாருக்கு, எப்படி விற்பது என்ற போட்டி அப்படியே இருக்கிறது. நீண்டகால விலை ஆபத்து மட்டும் முதலீட்டாளரிடமிருந்து எடுக்கப்பட்டது. சந்தையையும் இலக்கையும் சேர்த்து நிறுத்திய ஆணி இதுதான் என்று நான் கருதுகிறேன்.

2012 விலைமதிப்பில், கடல் காற்றாலைக்கு 2015 ஏலத்தில் 114 முதல் 120 பவுண்டு, 2017-இல் 57.50 முதல் 74.75, 2019-இல் 40 பவுண்டை ஒட்டி, 2022-இல் 37.35. பிறகு சறுக்கல். எஃகு, வட்டி, டர்பைன் எல்லாம் ஏறியிருந்த 2023-இல் அரசு உச்சவரம்பை 44 பவுண்டு என்று வைத்தது. கடல் காற்றாலைக்கு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 37.35-க்கு ஜெயித்திருந்த நார்ஃபோக் போரியாஸ் திட்டத்தை வாட்டன்ஃபால் நிறுவனம் நிறுத்தியது. அடுத்த ஆண்டு உச்சவரம்பை 73 ஆக்கினார்கள். 54 முதல் 59 பவுண்டுக்குத் திட்டங்கள் வந்தன. அதில் ஜெயித்த ஹார்ன்சீ 4 திட்டத்தையும் 2025 மே மாதம் ஓர்ஸ்டெட் நிறுத்தியது. தொண்ணூறுகளின் பழைய நோய் இன்னும் முழுதாகத் தீரவில்லை: ஏல விலை குறைந்தால் செய்தித்தாளில் வெற்றி, கட்டி முடித்தால்தான் கிரிட்டில் வெற்றி.

நுணுக்கம் ஒன்று. காற்று பலமாக வீசித் தேவை குறைந்த நள்ளிரவில் சந்தை விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். நிலைவிலை ஒப்பந்தம் உள்ள காற்றாலைக்கு அது பொருட்டே இல்லை. வித்தியாசம் வந்துவிடும் என்பதால் ஓட்டிக்கொண்டே இருக்கும். முந்தைய சில சுற்றுகளில் தொடர்ந்து 6 மணி நேரம் எதிர்மறையாக இருந்தால்தான் பணம் நிற்கும் என்று விதி. நான்காம் சுற்றிலிருந்து ஒரு மணி எதிர்மறை என்றாலும் அந்த மணிக்குப் பணம் இல்லை. இப்படிச் செய்தால்தான் பேட்டரிக்கும், இரவில் கார் சார்ஜ் செய்கிறவருக்கும் அந்த மலிவு போய்ச் சேர வழி பிறக்கிறது.

2022 நெருக்கடி இந்த இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்து வாயு விலை எகிறியபோது, பெரும்பாலான மணிகளில் வாயு நிலையமே விலையைத் தீர்மானித்ததால் மின்விலையும் எகிறியது. வேறுபாட்டு ஒப்பந்தக் காற்றாலைகள் மிகைப் பணத்தைத் திருப்பிக் கட்டின. பழைய சான்றிதழ் முறைக் காற்றாலைகளோ எகிறிய சந்தை விலையையும் வாங்கிக்கொண்டு, சான்றிதழ் பணத்தையும் வாங்கிக்கொண்டன. அதைப் பிடிக்க 2023 ஜனவரி முதல் மெகாவாட் மணிக்கு 75 பவுண்டுக்கு மேற்பட்ட வருமானத்தில் 45 சதவீதத் தனிவரி போட வேண்டிவந்தது. சில்லறை விற்பனைப் பக்கம் இன்னும் மோசம். மின்சாரத்தை முன்கூட்டி வாங்கி வைக்காமல் வீடுகளுக்கு நிலையான கட்டணம் வாக்களித்த சிறு கம்பெனிகள் 2021 இலையுதிர் காலம் தொடங்கி ஏறத்தாழ முப்பது விழுந்தன. பல்ப் என்ற கம்பெனியை அரசுப் பணத்தில் நடத்த வேண்டியதாயிற்று. அந்தக் கம்பெனிகளில் பல "நூறு சதவீதம் பசுமை" என்று விளம்பரம் செய்தவை. சான்றிதழ் வாங்கியிருந்தார்கள், மின்சாரம் வாங்கவில்லை.

இன்னும் சரியாகாத மூன்று

கையிருப்புத் திறனுக்கான சந்தை முதலாவது. காற்று இல்லாத குளிர்கால மாலைக்குத் தயாராக இருப்பதற்கென்று நிலையங்களுக்குப் பணம் தரும் ஏலம் 2014 டிசம்பரில் தொடங்கியது. கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 19.40 பவுண்டுக்கு முடிந்தது. புதிய பெரிய வாயு நிலையம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். சிறு டீசல் என்ஜின் கூட்டங்களும் உள்ளே நுழைந்தன. திறனுக்கு மட்டும் விலை வைத்தீர்கள், புகையை மறந்தீர்கள், டீசல் வந்தது. காற்றுமாசு விதிகளையும் உமிழ்வு எல்லையையும் பிறகு ஒட்டுப்போட்டார்கள்.

இரண்டாவது டிராக்ஸ். பிரிட்டனின் மிகப் பெரிய நிலக்கரி நிலையமாக இருந்து மரத்துகளுக்கு மாறியது. பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. புகைபோக்கியில் வரும் கரியமில வாயு கணக்கில் பூஜ்யம் என்று எழுதப்படுகிறது, காடு திரும்ப வளரும் என்பதால். வளர்வதற்குப் பல பத்தாண்டுகள், நாட்டின் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் இலக்கோ 2050. கணக்கு விதி எழுதும்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் இன்றைக்குப் பெரிய செலவு: இடம். காற்று ஸ்காட்லாந்தில், தேவை தெற்கு இங்கிலாந்தில், நடுவே போதாத கம்பிகள், ஆனால் நாடு முழுவதும் ஒரே மொத்த விலை. கிரிட் பலப்படும் வரை காத்திராமல் முதலில் இணை, பிறகு சமாளி என்ற கொள்கையைச் சுமார் 2010 முதல் பின்பற்றினார்கள். காற்றாலைகள் விரைவாக வந்தன. ஆனால் காற்று பலமான நாளில் ஸ்காட்லாந்துக் கடலில் 1,075 மெகாவாட் சீகிரீன் போன்ற காற்றாலையை நிறுத்தச் சொல்லி அதற்குப் பணம். அதே நேரத்தில் தெற்கே ஒரு வாயு நிலையத்தை ஓடச் சொல்லி அதற்கும் பணம். இரண்டும் நுகர்வோர் கட்டணத்தில். புகையும் கூடுதல்.

தீர்வாக நாட்டை மண்டலங்களாகப் பிரித்து மண்டல விலை வைக்கலாமா என்று 2022 ஜூலையில் தொடங்கிய மறுஆய்வு மூன்றாண்டு ஓடியது. 2025 ஜூலையில் அரசு வேண்டாமென்று முடிவெடுத்தது. மண்டல விலை வந்தால் ஸ்காட்லாந்துக் காற்றாலைக்கு வரும் விலை எவ்வளவு என்று தெரியாமல் பணத்தின் விலை ஏறும் என்பது வாதம். மேலே பார்த்த 60-க்கும் 77-க்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பயத்தின் அளவைக் காட்டும். அந்த முடிவு தவறில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இடத்துக்கு விலை வைக்க மறுத்தால் இடத்தைத் திட்டமிட்டே ஆக வேண்டும். எங்கே கடல்பரப்பைக் குத்தகைக்கு விடுவது, எந்தக் கம்பி எந்த ஆண்டு முடியும் என்பதை ஒரே மேசையில் முடிவு செய்ய வேண்டும். அதற்கென்றுதான் 2024 அக்டோபர் 1 அன்று மின்தொகுப்பை இயக்கும் பொறுப்பு தனியாரிடமிருந்து எடுக்கப்பட்டு அரசு நிறுவனமானது. கிரிட் இணைப்புக்கு 700 கிகாவாட்டுக்கு மேல் வரிசையில் நின்றது. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற விதியை மாற்றி, தயாராக இருப்பதற்கும் தேவைப்படுவதற்கும் முன்னுரிமை தரும் வேலை நடக்கிறது.

புதிதாகச் சந்தையைத் திறக்கும் ஓர் அரசுக்கு நான் வரிசை சொல்வதானால் இப்படி: முதலில் கம்பியும் இயக்கமும் உற்பத்தியாளரின் கையில் இல்லாதபடி பிரிக்க வேண்டும். போட்டி தொடங்கும் நாளிலேயே புகை வரி இருக்க வேண்டும், சிறிதாக, ஆண்டுதோறும் ஏறும் அட்டவணையோடு. பிற்பாடு சேர்ப்பது அரசியலில் பத்து மடங்கு கடினம். குறைவுக்கும் மிகைக்கும் சமன்செய்யும் விலை ஒன்றே ஒன்று, அளவை உறுதி செய்யும் நேரம் விநியோகத்துக்கு ஒரு மணிக்குள். நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட, திவாலாகாத ஒரு பொது நிறுவனம். சில்லறைப் போட்டியைக் கடைசியில் வைக்கலாம். வருகிறவர்களிடம் மூலதனமும் முன்கொள்முதலும் இருக்கிறதா என்று பார்த்து உரிமம் தரலாம்.

பிரிட்டனுக்கு அடுத்த சோதனை பக்கத்தில் இருக்கிறது. 2002 முதல் சான்றிதழ் பெற்றுவந்த பழைய காற்றாலைகளில் முதல் தொகுதிக்கு அந்த வருமானம் 2027 மார்ச் 31-உடன் முடிகிறது. அவற்றின் முன் மூன்று வழிகள்: வெறும் சந்தை விலையில் தேய்ந்த டர்பைனை ஓட்டுவது, கழற்றிவிட்டுப் போவது, அதே மலையில், அதே கிரிட் இணைப்பில், சில பெரிய டர்பைன்களை நிறுத்திப் புதிய ஒப்பந்தம் கேட்பது. மூன்றாவதுதான் நாட்டுக்கு லாபம். காற்று அதிகம் வீசும் இடங்களை முதலில் வந்தவர்கள்தானே பிடித்தார்கள். ஆனால் அதற்குக் கட்டட அனுமதி புதிதாக வேண்டும், டர்பைனின் உயரம் இரட்டிப்பாகும், முப்பதாண்டுக்கு முன் எதிர்த்த ஊரிலேயே மறுபடி போய் நிற்க வேண்டும்.